ஸ்கேலுக்குக் கீழே இருந்த விலாசம்

ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. கல்லூரித் தேர்வுப் பிரிவில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் சந்தியா போன மாதம் போன் செய்தாள். ஆண்டு மலருக்கு என்னிடமிருந்து ஒரு கட்டுரை வேண்டுமாம். அந்த ஸ்கேல் கதையை எழுதுங்கள், புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குத் தெரியட்டும் என்றாள். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். சுற்றுச்சூழல் பாடத்துக்கு இனிமேல் மாணவர்களைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகப்போவதில்லையாம். வகுப்பிலேயே வீடியோ போட்டுக் காட்டி, அதைப் பார்த்து அறிக்கை எழுதச் சொல்லப்போகிறார்களாம்.

ஸ்கேல் கதையை நான் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறேன். பஸ் என்றதும் மீதிப் பாதி என் முன்னால் வந்து நின்றுகொண்டது. இது மலருக்கு ஏற்றதா என்று எனக்குத் தெரியாது. ஏற்றதில்லை என்றால் சந்தியா கிழித்துப் போடட்டும், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கலாசி. டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு இருபத்து மூன்று வயதில் கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். முதல் ஆறு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தட்டினேன், தட்டியதைத் திருத்தினேன், கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் பிறந்தாள். ஏழாவது வருடம் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர்தான் ஞானமுத்து சார்.

வேலையைச் சொன்னால்தான் சாரைப் பற்றிப் புரியும். பி.எஸ்சி. வேதியியல் என்றால் வேதியியலை மட்டும் படித்துப் பட்டம் வாங்கிவிடலாம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றுதான் வேதியியல். பகுதி நான்கில் சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி, வேறு துறைப் பாடம் ஒன்று. பகுதி ஐந்து, என்.எஸ்.எஸ்., விளையாட்டு போன்றவை. எந்தத் துறையில் படித்தாலும் எல்லோருக்கும் இவை பொது. நான்கையும் ஐந்தையும் பிள்ளைகள் சாப்பாட்டில் ஊறுகாய் மாதிரிதான் நினைப்பார்கள். ஆனால் அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பட்டம் கிடையாது. வேதியியலில் தொண்ணூறு வாங்கியிருந்தாலும் கிடையாது. அந்தக் கட்டங்களைச் சரிபார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தாள். அதில் மேலே மூன்று வரி: பெயர், தகப்பனார் பெயர், விலாசம். அதற்குக் கீழே பதிவு எண்ணும் கட்டங்களும். சாரிடம் இரண்டு அங்குல அகலத்தில் ஒரு பழைய மர ஸ்கேல் இருந்தது. தாளை எடுத்ததும் முதல் காரியமாக அந்த மூன்று வரியின் மேல் ஸ்கேலை வைத்து மூடிவிடுவார். அப்புறம்தான் கண்ணாடியைப் போடுவார். நான் பட்டியலிலிருந்து எண்ணையும் மார்க்கையும் வாசிப்பேன், அவர் பென்சிலால் குறிப்பார். கடைசித் தாள் முடிந்ததும் அப்படியே பின்னாலிருந்து ஆரம்பித்து இன்னொரு சுற்று. அப்போது அவர் வாசிக்க, நான் மையால் குறிக்க வேண்டும். முந்நூறு தாள் என்றாலும் ஒரு தாளில்கூட ஸ்கேலை நகர்த்த மாட்டார்.

முதல் வாரமே இது எதற்கு என்று கேட்டேன். அவர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே டோல்கேட் கடைத்தெருவில் அண்ணன் தம்பியெல்லாம் மொத்தக் கடை வைத்திருக்க, எனக்குக் கடை வேண்டாம் என்று வந்தவர்.

"பேரப் பாத்தா ஆளு தெரியும். அப்பா பேரப் பாத்தா ஜாதி தெரிஞ்சுரும். விலாசத்தப் பாத்தா வசதி தெரிஞ்சுரும். நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்? மார்க்கு தெரிஞ்சா போதும்லா" என்றார்.

கோபக்காரர். ஜன்னலில் நின்று அவசரப்படுத்தும் பிள்ளைகளிடம் சள்ளென்று விழுவார். ஆனால் பட்டச் சான்றிதழ் கொடுக்கும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுவார். துண்டால் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டுவார். எதிரே நிற்பது எந்தப் பிள்ளையாக இருந்தாலும் சரி. இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதுவரை எந்த ஆபீசிலும் ஒருத்தரும் எழுந்து நின்று எதையும் கொடுத்ததில்லை என்று ஒரு நாள் சொன்னார்.

சந்தியா கேட்கும் கதை இனிமேல்தான். நிர்வாகத்துக்கு வேண்டிய ஒரு பெரிய வியாபாரக் குடும்பத்துப் பையன், எல்லாவற்றிலும் தேறி மதிப்புக் கல்வியில் மட்டும் இரண்டு மார்க்கில் போய்விட்டான். மதிப்புக் கல்வியில் தோற்பதற்கும் ஒரு திறமை வேண்டும். அவர்கள் வீட்டிலிருந்து ஒருவர் வந்து சாரின் மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பையனின் பெயரை மூன்று தடவை சொன்னார். சார் மூன்று தடவையும் எண்ணைக் கேட்டார். கடைசியில் வந்தவர் எண்ணைச் சொன்னார். சார் ஸ்கேலை வைத்தார், பார்த்தார், நவம்பரில் எழுதச் சொல்லுங்கள் என்றார். அடுத்த வாரம் சாரை நூலகத்தில் கிழிந்த புத்தகம் ஒட்டும் அறைக்கு மாற்றினார்கள். எட்டு மாதம் அங்கே இருந்தார். திரும்பி வந்த அன்றைக்கு முதல் தாளை எடுத்து ஸ்கேலை வைத்தார். நான் அன்றைக்கு மனசுக்குள் அழுதேன். மாதா கோயிலில் முழங்கால் போடும்போது வருகிற மாதிரி ஒரு நிச்சயம் எனக்கு அந்த ஸ்கேல் மேல் வந்துவிட்டது.

அவர் ஓய்வு பெற்ற அன்று ஸ்கேலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இது வரைக்கும்தான் எல்லோருக்கும் சொல்வேன்.

நான் கண்காணிப்பாளராகிப் பல வருடம் கழித்து நடந்தது இது. சுற்றுச்சூழல் பாடத்தில் களப்பார்வை என்று ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் மாசடைந்த இடம் ஒன்றை நேரில் போய்ப் பார்த்து, அங்கேயே வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டு, திரும்பி வந்து பத்துப் பக்கம் அறிக்கை எழுத வேண்டும். கையெழுத்து இல்லாத அறிக்கையைத் திருத்தக் கூடாது. பாடம் எடுத்தவர் ஒவ்வொரு வருடமும் காத்திவாக்கத்துக்குத்தான் பஸ் விட்டார். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டின குப்பம். கரியாய்க் கிடக்கும் தண்ணீர், கரையில் சாம்பல், எதிரே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், எல்லாம் ஒரே இடத்தில். காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கல்லூரிக்குத் திரும்பிவிடலாம்.

கடைசி ஆண்டு முடிவுகள் வந்திருந்த ஒரு மே மாதக் காலை. ஜன்னலுக்கு வெளியே நீள வரிசை. ஒரு பெண் வந்து எண்ணைச் சொன்னாள். கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தொன்று. பெயரை நான் கேட்கவில்லை, எங்கள் வழக்கம் அது. தாளை எடுத்தேன், ஸ்கேலை வைத்தேன். வேதியியலில் முதல் வகுப்பு. தமிழ், ஆங்கிலம் எல்லாம் சரி. பகுதி நான்கில் சுற்றுச்சூழல் கட்டம் மட்டும் காலி. களப்பார்வைப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டில் விட்டவர்கள் மூன்றாம் ஆண்டில் போகலாம். இரண்டு வருடமும் அவள் எண்ணுக்கு நேராகக் கையெழுத்து இல்லை.

அவள் பையிலிருந்து நூல் கட்டிய தாள்களை எடுத்து நீட்டினாள்.

"ரிப்போர்ட்ட நானே எழுதிக்கினு வந்துட்டேன் மேடம். இத்த எடுத்துக்கங்க."

பஸ்ஸில் போகாதவர்கள் எழுதிய அறிக்கை செல்லாது என்றேன். அவள் ஒரு கடிதத்தைக் காட்டினாள். மீஞ்சூர் பக்கம் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை. தற்காலிகப் பட்டச் சான்றிதழைப் பதினைந்து நாளில் கொண்டுவந்து காட்ட வேண்டும். அவள் வயதுக்கு நல்ல வேலை, படித்த படிப்புக்கான வேலை. ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவள் பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

அவள் பார்வை என் மேஜை மேல் இருந்த ஸ்கேலில் இருந்தது. பிறகு, "ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள்.

களப்பார்வை விதியின் கடைசியில் ஒரு வரி உண்டு. தகுந்த காரணம் இருந்தால் துறைத் தலைவர் பரிந்துரை செய்து, முதல்வர் ஒப்புக்கொண்டு, மாணவர் தனியாகப் பார்த்து எழுதிய அறிக்கையை ஏற்கலாம். அந்த வரி எனக்கு மனப்பாடம். நான் சொல்லவில்லை. காரணம் இல்லை என்கிறாளே, அப்புறம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அடுத்த ஜனவரியில் பஸ் போகும்போது ஜூனியர்களோடு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வா என்றேன். அவள் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். அறிக்கையை ஜன்னல் பலகையிலேயே விட்டுவிட்டாள். நான் அதைச் செல்லாத தாள் கட்டில் சேர்த்தேன்.

அந்தக் காலையை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேனோ. களப்பார்வைப் பட்டியலின் தலைப்பில் 'இடம்: காத்திவாக்கம்' என்று என் கையெழுத்தில்தான் எழுதியிருந்தது. அவள் தாளில் மூன்றாவது வரியிலும் அதே ஊர்தான் இருந்தது. இரண்டு தாளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. நடுவில் நான் வைத்த ஸ்கேல்.

இன்னொன்றும் உறுத்துகிறது. நானும் இந்தப் பக்கத்துப் பெண்தான். வீட்டில் நான் பேசுவது அவள் பேசிய பேச்சுதான். ஆபீசில் மட்டும் வாயைக் கழுவிவிட்ட மாதிரி பேசிப் பழகிவிட்டேன். 'இன்னாடி கண்ணு, இன்னா ஆச்சு' என்று ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

ஜனவரி வந்தது. பஸ்ஸில் பெண் பிள்ளைகளுக்குத் துணையாகப் போக வேண்டிய ஆசிரியை விடுப்பில் இருந்ததால் முதல்வர் என்னை அனுப்பினார். கையில் வருகைத் தாளோடு ஏறினேன். நாற்பது பேருக்கு மேல், ஒரே கூச்சல். முன் சீட்டில் ஜன்னலோரம் நாற்பத்தொன்று தனியாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு முகம் ஞாபகம் இருந்தது. நல்ல வேளை, பிடிவாதம் பிடிக்காமல் வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

காத்திவாக்கத்தில் இறங்கியதும் பிள்ளைகள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டார்கள். கரையில் படகுகள். ஒரு படகின் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி அதன் நிழலில் ஒரு மனிதர் வலை பின்னிக்கொண்டிருந்தார். காலடியில் செவலை நாய் ஒன்று படுத்திருந்தது. அது எழுந்து எங்கள் எல்லோரையும் பார்த்துக் குரைத்தது. ஆசிரியர் கையை நீட்டித் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கச் சொன்னார், படிந்திருக்கும் சாம்பலைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். இங்கே வாழ்கிற மக்களின் சுகாதாரம் என்று ஒரு தலைப்பு இருக்கிறது, வீடுகளையும் பாருங்கள் என்றார். பிள்ளைகள் வீடுகளைப் பார்த்தார்கள். நோட்டில் எழுதினார்கள்.

குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தது. நேராக நாற்பத்தொன்றின் காலடிக்குப் போய் வாலை ஆட்டியது. அவள் நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது. அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கு நடுவில் போய் நின்றாள். அது அங்கேயும் போய் அவள் காலை நக்கியது. உனக்கு இங்கே ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் போல என்று ஒரு பெண் சிரித்தாள்.

வலை பின்னிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"அது அப்டித்தான்மா, ஆரு வந்தாலும் ஒட்டிக்கும்" என்று சொல்லி, நாயை இழுத்துப் போய்ப் படகில் கட்டினார். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வெயிலில் நிற்கிறீர்களே என்று ஒவ்வொருவருக்கும் ஒரே டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். அவள் முறை வந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்களும் குடிங்கம்மா" என்றார்.

அவள் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

கையெழுத்து வாங்க வருகைத் தாளை விரித்தேன். ஸ்கேல் ஆபீசில் இருந்தது. பழைய மாணவி என்பதால் கடைசி வரியில் அவளுடைய முழு விவரமும் எழுதியிருந்தது. கஸ்தூரி, தகப்பனார் ஏழுமலை, காத்திவாக்கம். நாயைக் கட்டிப் போட்டிருந்த படகின் முகப்பில் பச்சைப் பெயிண்டில் ஏழுமலை என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிக் கொடுத்தாள்.

திரும்பும்போது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏம்மா அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். டோல்கேட் வந்தபோது ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"இன்னான்னு சொல்றது மேடம்? எங்க வூட்டப் பாக்க எல்லாரும் பஸ்சு வச்சிக்கினு போறாங்கோ. நான் எந்தப் பக்கம் நிக்கறது?" என்றாள். அடுத்த வருடம் இடத்தை மாற்றுவார்கள் என்று காத்திருந்தாளாம். மாற்றவில்லை. பிறகு பையிலிருந்து புதிதாக எழுதிய அறிக்கையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இப்போ செல்லுமா மேடம்?"

செல்லும் என்றேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அன்று சாயங்காலம் செல்லாத தாள் கட்டைப் பிரித்து அவளுடைய பழைய அறிக்கையைத் தேடி எடுத்தேன். அச்சடித்த படிவத்தை அவள் ஒழுங்காக நிரப்பியிருந்தாள். பார்வையிட்ட மாசடைந்த இடம்: எங்கள் தெரு. பார்வையிட்ட நாள்: பிறந்ததிலிருந்து. உள்ளே பதினாறு பக்கம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கிய நிறம் மாறும் தாளை வைத்து ஒரு மாதம் தினமும் காலையில் தண்ணீரைச் சோதித்து அட்டவணை போட்டிருந்தாள். எந்த மீன் எந்த வருடத்திலிருந்து வலையில் வருவதில்லை என்று அப்பாவிடம் கேட்டு எழுதியிருந்தாள். தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற அம்மாவின் கை விரலில் தோல் எப்படி உரிகிறது என்று படம் வரைந்திருந்தாள். யாரையும் திட்டவில்லை. அந்தப் பாடத்தில் எத்தனையோ அறிக்கை என் கை வழியாகப் போயிருக்கிறது. அதுபோல் ஒன்றை நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் போய் எழுதிய இரண்டாவது அறிக்கையில் பாடப்புத்தகத்தில் இருந்ததைப் பத்துப் பக்கத்துக்கு எழுதியிருந்தாள். அதற்குத்தான் மார்க் கிடைத்தது.

மீஞ்சூர் வேலைக்கு எப்போதோ வேறு ஆள் போட்டுவிட்டார்கள். நான் முதல்வரிடம் போய் முழுவதையும் சொன்னேன். நல்ல மனிதர், அடுத்த வருடமே இடத்தை மாற்றச் சொன்னார். பஸ் குப்பைக் கிடங்குக்குப் போக ஆரம்பித்தது. அதை ஒட்டியும் தெருக்கள் இருக்கின்றன, அங்கிருந்தும் பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. இப்போது வீடியோ என்கிறாள் சந்தியா. இனி யாரும் பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டாம், சரி. அந்த வீடியோவில் வருவது எந்தத் தெரு, வகுப்பில் அதைப் பார்த்துக்கொண்டு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள் சந்தியா. மார்க் போடும்போது பெயரை மூடி வை. சார் சொன்னது தப்பில்லை. ஆனால் ஜன்னலில் ஒரு பிள்ளை பேசாமல் நின்றால் ஸ்கேலை எடுத்துவிடு.

பட்டமளிப்பு விழாவுக்குக் கஸ்தூரி வரவில்லை. விழாவுக்கு வராதவர்களின் சான்றிதழ்கள் எங்களிடம் இருக்கும், நேரில் வந்து வாங்க வேண்டும். வர முடியாவிட்டால் கடிதம் கொடுத்து ஆள் அனுப்பலாம். சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஜன்னலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கடிதத்தோடு நின்றார். படிய வாரிய தலை, காய்ப்புக் காய்த்த விரல்கள். ஏழுமலை.

கஸ்தூரி வரவில்லையா என்று கேட்டேன். டோல்கேட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள், லீவு தர மாட்டார்கள் என்றார். கடிதத்தைப் பலகையில் வைத்துவிட்டு, "லீவு குட்தாலும் இங்க வரமாட்டேன்னு சொல்லிடுச்சி மேடம்" என்றார்.

வேறொருவர் வந்து வாங்கினால் ஒரு படிவம் உண்டு. அதில் இரண்டாவது கேள்வி, பட்டம் பெறுபவருக்கு நீங்கள் என்ன உறவு. நாங்கள் வாய்விட்டுக் கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை. படிவத்தை அவர் பக்கம் நகர்த்தி, பேனாவையும் கொடுத்தேன்.

அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கேள்வியைப் படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கி பஸ்சுல வந்தவங்கதான நீங்க?"

ஆமாம் என்றேன்.

"அது கண்ணாலயே வேணாம்னுச்சு மேடம். அதான் நான் சொல்லல."

குனிந்து எழுத ஆரம்பித்தார். வலை ஊசி பிடிக்கிற மாதிரியே பேனாவைப் பிடித்திருந்தார். மூன்றே எழுத்து, அதற்கு வெகுநேரம் ஆயிற்று. அப்பா என்று எழுதிவிட்டு, படிவத்தை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"இது செல்லுமா மேடம்?"

சேலைத் தலைப்பில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, சான்றிதழை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.